காய்ந்த படுக்கை

சேசு மரி சூசை
கோத்தகிரி
6.11.2024

அன்புத் தங்கை ரோஸி மேரிக்கு,

அக்கா ஆரோக்கிய செல்வி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருஷம் மலையில் குளிர் முன்னாடியே வந்துவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகிறது. மடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பை மதர் எனக்கே மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள். வயதான சிஸ்டர்கள் ஆறு பேர். போன வாரம் அவர்களில் ஒருவர் திடீரென்று யார் முகமும் தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. என்னைப் பார்த்து, "அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்கிறார். பக்கவாதமோ என்று எல்லோரும் பயந்துவிட்டோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்: "இவங்க சரியா தண்ணி குடிச்சு எத்தனை நாள் ஆச்சு சிஸ்டர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை, ரோஸி. குளிர்காலத்தில் வயதானவர்களுக்குத் தாகமே தெரியாதாம். வேர்ப்பதில்லை என்பதால் அவர்களும் கேட்கமாட்டார்கள், நாமும் கொடுக்கமாட்டோம். உடம்பு உள்ளுக்குள் காய்ந்துகொண்டே போகுமாம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெளிந்தது.

அதிலிருந்து எனக்கு அப்பா நினைப்பாகவே இருக்கிறது. எழுபத்தாறு வயதாகிறது. பகலெல்லாம் தனியாக இருக்கிறார். நீ வேலைக்குப் போகுமுன் கூஜாவில் ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஊற்றி அவர் பக்கத்தில் வை. சாயந்திரம் வந்து திறந்து பார். காலியாக இருக்கவேண்டும். காபி, டீயைக் கணக்கில் சேர்க்காதே.

மறக்காமல் பதில் எழுது. மாதா உங்கள் இருவரையும் தன் கையில் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
செல்வி

*

வில்லியனூர்
15.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ரோஸி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். அங்கு உன் சுகமும் மடத்தில் எல்லோர் சுகமும் அறிய ஆசை.

உன் கடிதம் வந்த மறுநாளே அம்மாவின் பித்தளைக் கூஜாவைப் பரண்மேலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடி இவ்ளோ பெரிசு? பஸ்ஸு கூட்டத்துக்கே ஊத்தப் போறியா?" என்றார். அக்கா எழுதியிருக்கு என்று சொன்னதும் அடங்கிவிட்டார். "பெரியவ சொன்னா சரிதான்."

ஆனால் அவரைக் குடிக்க வைப்பது லேசில்லை, அக்கா. உனக்குத் தெரியாததா? முப்பத்தோரு வருஷம் மண்ணாடிப்பட்டு ரூட்டில் கண்டக்டர். காலையில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறினால் மத்தியானம் வரை வாயில் ஒரு சொட்டு படாது. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். "தண்ணி குடிச்சா எறங்கணும். எறங்கினா பஸ்ஸு நிக்கணும். பஸ்ஸு நின்னா ஓனரு கத்துவாரு."

"இப்ப எந்த ஓனருப்பா கத்தப் போறாரு?" என்றேன். சிரித்தார். ஒரு டம்ளர் குடித்தார்.

கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் இருப்பதுதான் கஷ்டம். முட்டி வலியோடு வேலியைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறார். நான் ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் பிடிக்க ரோட்டுக்குப் போய்விடுகிறேன். மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, ஆறு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் மத்தியானம் வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறாள்.

நேற்று கூஜாவில் கால்வாசிதான் மிச்சம். போகப் போகப் பழகிவிடும்.

அப்பா உனக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார். எனக்காகவும் ஒரு செபமாலை சொல்.

தங்கை,
ரோஸி

*

சேசு மரி சூசை
கோத்தகிரி
23.11.2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலமும் கடிதத்தில் அறிந்து சந்தோஷம்.

அப்பா சிரித்தார் என்று படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கால்வாசி மிச்சம் வைக்க விடாதே. ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல் மணிக்கு அரை டம்ளராகக் கொடு. சாயந்திரம் ஆறுக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கு உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வரை வீட்டிலிருந்து வரும் கடிதங்களை மதர் எடுத்து வைத்துவிடுவார்கள். தவக்காலத்திலும் அப்படித்தான். ஆனாலும் நீ எழுதாமல் இருக்காதே, கிறிஸ்துமஸ் அன்று மொத்தமாகப் படிக்கிறேன். மிகவும் அவசரமென்றால் மடத்துப் போனுக்குப் பேசு, மதர் என்னிடம் சொல்வார்கள்.

அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள். அவரைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கொடுத்ததற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

அக்கா,
செல்வி

*

வில்லியனூர்
5.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

புயல் போய்விட்டது, தண்ணீர்தான் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி பிடித்த மழை, ஞாயிறு முழுக்க ஊற்றித் தீர்த்தது. தோட்டத்தில் முட்டிக்கால் தண்ணீர். கக்கூஸ் பக்கம் போகவே முடியாது. கரும்புக் கொல்லையிலிருந்து சாரைப்பாம்பு ஒன்று வந்து வாசற்படியில் சுருண்டு கிடந்தது. கரண்ட் நேற்றுதான் வந்தது.

அப்பாவுக்கு ரூமிலேயே ஒரு பக்கெட் வைத்தேன். இருட்டில் எழுந்து அதற்குப் போவதற்குள் அவசரம் வந்துவிடுகிறது. திங்கட்கிழமை படுக்கை நனைந்தது. செவ்வாயும் நனைந்தது. நேற்றும் அப்படித்தான். வெளியே வெயில் இல்லை, எதுவும் காயவில்லை. வீட்டில் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது. என் இரண்டு பழைய புடவைகளையும் கிழித்துவிட்டேன். காலையில் அவரைத் துடைத்து, வேட்டி மாற்றி, பாயை அலசிப் போட்டுவிட்டு ஓடினால் கம்பெனி பஸ் போய்விடுகிறது. மூன்று நாள் லேட். இன்னொரு நாள் லேட்டாக வந்தால் வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நானும் நேற்றுக் காலையில் கொஞ்சம்

அதை விடு.

அக்கா, மதரிடம் கேட்டு ஒரு வாரம் வந்துவிட்டுப் போக முடியுமா? தண்ணீர் வடிந்து தோட்டம் காயும்வரை போதும். போனில் பேசலாம் என்று நம்பரைக்கூட எடுத்தேன். முகம் தெரியாத மதரிடம், எங்கள் அப்பா படுக்கையில் போகிறார் என்று எப்படிச் சொல்வது? அவர் மானத்தை நானே வாங்கின மாதிரி ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உறைமேல் அவசரம் என்று போட்டிருக்கிறேன். உன்னிடம் கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

தங்கை,
ரோஸி

*

வில்லியனூர்
19.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

முன் கடிதத்தைப் படித்துக் கவலைப்பட்டிருந்தால் விட்டுவிடு. எல்லாம் சரியாகிவிட்டது. பத்து நாளாகப் படுக்கை நனையவில்லை. கூஜாவும் தினமும் சாயந்திரம் காலியாகத்தான் இருக்கிறது. தோட்டத்துத் தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு மட்டும் இருக்கிறது.

அப்பா முன்னைவிட அமைதியாகிவிட்டார். நிறையத் தூங்குகிறார். குளிரில்லையா, அதனால் இருக்கும். நானும் நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

நீ வரவேண்டியதில்லை. உன் ஒழுங்கைக் கெடுத்துக்கொள்ளாதே.

தங்கை,
ரோஸி

*

சேசு மரி சூசை
கோத்தகிரி
27.12.2024

அன்புத் தங்கைக்கு,

பாலன் பிறந்த சந்தோஷத்தோடு எழுதுகிறேன். நான் சுகம்.

உன் இரண்டு கடிதங்களையும் கிறிஸ்துமஸ் அன்று ஒன்றாகப் படித்தேன். முதலாவதைப் படித்து நெஞ்சு பதறியது, இரண்டாவதைப் படித்துத்தான் மூச்சு வந்தது. புயலில் நீ பட்டபாடு எனக்குத் தெரியாமலே போயிற்று. நல்லவேளை, எல்லாம் சரியாயிற்று.

ஆனால் ஒன்று, ரோஸி. நேற்றிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை லிட்டர் குடிக்கிற மனிதருக்குப் பத்து நாள் ஒரு தடவைகூடப் படுக்கை நனையவில்லை என்றால் எப்படி? பகலில் எத்தனை தடவை போகிறார்? என்ன நிறம்? நிறையத் தூங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த சிஸ்டரும் முதலில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். இதைப் படித்ததும் பக்கெட்டைப் பார். டீ டிகாஷன் மாதிரி இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று சொல்லி ஒரு வரி எழுது.

அக்கா,
செல்வி

*

பெரிய ஆஸ்பத்திரி, புதுச்சேரி
13.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவை எட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். உன் கடிதம் ஏழாம் தேதிதான் வந்தது.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கிட்னி பலவீனமாக இருக்கிறதாம், காய்ச்சலும் இருக்கிறது. ஆளை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சாம்மா? எங்க எறங்கணும்?" என்கிறார். "வில்லியனூர்" என்றேன். "உள்ள தள்ளிப் போம்மா, படியில நிக்காத" என்றார். பக்கத்துப் பெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

எப்படி இப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா கேட்டார்கள். குளிர் என்றேன்.

வேண்டிக்கொள்.

ரோஸி

*

சேசு மரி சூசை
கோத்தகிரி
24.1.2025

என் கண்ணே ரோஸி,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் போன் வந்ததும் மதர் என்னைக் கோயிலிலிருந்து வெளியே கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரத்தில் போயிருக்கிறார். நல்ல நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அடக்கத்துக்கு வர முடியவில்லை. வெளியே போகக் கூடாத அடைப்பு மடத்தின் நிலை உனக்குத் தெரியும், விளக்கத் தேவையில்லை. இங்கே முப்பது நாளும் அவர் பேருக்குப் பூசை வைத்திருக்கிறோம்.

நீ அவரைப் பார்த்துக்கொண்டதுபோல் எந்தப் பிள்ளையும் பார்த்திருக்காது. கடைசி வரை தண்ணீர் கொடுத்த கை உன் கை. அந்தப் புண்ணியம் உன்னை விட்டுப் போகாது.

சாப்பிடாமல் இருக்காதே. கலியம்மாளை உன்னோடு வந்து படுத்துக்கொள்ளச் சொல்.

அக்கா,
செல்வி

*

வில்லியனூர்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன்.

நாளை மறுநாள் விபூதிப் புதன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் தவக்காலம் தொடங்கியிருக்கும், ஈஸ்டர் வரை உன் கையில் கிடைக்காது. அது தெரிந்துதான் இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். இதை எழுதிவிட்டு உடனே உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

'தண்ணீர் கொடுத்த கை' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

டிசம்பர் நாலாம் தேதி காலையில் நடந்ததை உனக்குப் பாதி எழுதி விட்டுவிட்டேன். மூன்றாவது நாளாகப் படுக்கை நனைந்திருந்தது. ஈரப் பாயைச் சுருட்டும்போது ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது கேட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஈர வேட்டியோடு. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"ஏம்பா, முப்பது வருஷம் தண்ணியே இல்லாம ஓட்டுனல்ல? இப்ப மட்டும் இன்னாத்துக்கு இப்டி குடிச்சிக் குடிச்சி என் உசிர வாங்குற? கொஞ்சம் கொறச்சிக்கோயேன்!"

கத்தினேன், அக்கா. கலியம்மாள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் முடிவதற்குள் படுக்கை காய்ந்துவிட்டது. நான் தோட்டத்தில் தண்ணீர் வடிந்ததால் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். நான் கூஜாவைத் தினமும் நிரப்பி வைத்தேன், அது தினமும் காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் மண் எப்போதும் ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்த பிறகும் அங்கே மட்டும் ஈரம். அதைப் பார்த்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள் பார்த்தேன். கேட்கவில்லை. படுக்கை காய்ந்திருந்தது, நான் நேரத்துக்கு வேலைக்குப் போனேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கலியம்மாள் தானாகவே சொன்னாள். "ஜன்னல் வழியா ஊத்திக்கினு இருப்பாரு. கூஜா கழுவுறாருன்னு நெனைச்சேன். ஒரு நாள் கேட்டேன், 'பொண்ணு பாவம், வேலைக்கிப் போவணும்'னாரு."

உன் கடிதம் வந்த அன்று பக்கெட்டைப் பார்த்தேன். நீ எழுதியிருந்த அதே நிறம்.

டாக்டரம்மாவிடம் குளிர் என்று சொன்னேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். குளிர் இல்லை, அக்கா. நான்தான்.

இனி நீ என்ன எழுதினாலும் சரி. எழுதாவிட்டாலும் சரி.

ரோஸி

*

சேசு மரி சூசை
கோத்தகிரி
21.4.2025

ரோஸி,

உன் கடிதத்தை நேற்று, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து மதர் கொடுத்தார்கள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுத மனமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன், ஒன்றிலாவது இந்தக் கேள்வியை உன்னை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன்.

டிசம்பரில் நீ 'அவசரம்' என்று போட்டு அனுப்பிய கடிதம் கிறிஸ்துமஸுக்கு வந்ததல்ல. பதினோராம் தேதியே வந்துவிட்டது. மதர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளிகள் அறைக்கே வந்தார்கள். "வீட்டுலேர்ந்து வந்திருக்கு, அவசரம்னு போட்டிருக்கு. படிச்சிடு செல்வி" என்றார்கள். பக்கத்தில் புதிதாக வந்த இரண்டு சிஸ்டர்கள் நின்றிருந்தார்கள். நான், "ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான் மதர். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டும்" என்றேன். அந்தப் பெண்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? எனக்கு அது இனித்தது, ரோஸி. நீ ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் அந்த இனிப்போடு நடமாடிக்கொண்டிருந்தேன்.

அன்று பிரித்திருந்தால் டிசம்பர் பதினொன்று. வந்திருப்பேனோ இல்லையோ, நீ எழுதாமல் விட்ட அந்தப் பாதி வரியைப் பார்த்ததும் கேட்டிருப்பேன். நான் கேட்ட கேள்வி உன் கையில் கிடைத்தது ஜனவரி ஏழில்.

இன்னொன்றும் இருக்கிறது. அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று எழுதினேன். மதர் போகச் சொன்னார்கள். "கார் சொல்றேன், போயிட்டு வா, உன் தங்கச்சி தனியா இருக்கு" என்றார்கள். நான்தான் மறுத்தேன். மடத்தை விட்டுப் போவதில்லை என்று ஒரு நேர்ச்சை இருக்கிறது என்று சொன்னேன். நேர்ச்சை இல்லை. வரச்சொல்லி எழுதிய உனக்குப் பதில்கூடச் சொல்லாமல் விட்டவள், உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்.

நான் இங்கே வந்தபோது உனக்குப் பதினாலு வயது. அம்மா போனபோது பத்தொன்பது. அப்போதும் நான் வரவில்லை. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், அப்பாவை யார் பார்ப்பது என்று நீ சொல்லி அனுப்பினதை அப்பா எனக்கு எழுதியிருந்தார். நல்ல மகள் என்று நான் பதில் எழுதினேன்.

நீ அன்று கத்தியது ஒரு காலைப்பொழுது. அந்த வார்த்தையைச் சொல்லும் அளவுக்கு உன்னைத் தனியாக விட்டது என் இருபத்தொன்பது வருஷம். உன்னைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதியும் இல்லை.

செல்வி

*

வில்லியனூர்
17.8.2025

அக்கா,

சுகமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

நாலு மாதம் பதில் எழுதவில்லை. மறந்து அல்ல. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் எனக்கே பயமாக இருந்தது. ஜன்னலை ஓங்கிச் சாத்தினதில் கண்ணாடி உடைந்தது. 'அந்தப் பெண்கள் பார்த்தார்கள்' என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மாதத்துக்கு உன்னைத் திட்டிக்கொண்டே பேக்கிங் செய்தேன். உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவரை என்னை நினைக்காமல் இருக்க முடிந்தது. அதற்கு உனக்கு நன்றிதான் சொல்லவேண்டும்.

ஜூன் மாதம் புதுச்சேரி முனிசிபாலிட்டி ஆபீசில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். குளிர் இல்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அப்பாவுக்குப் பல வருஷமாகவே நீர் சரியாகப் பிரியாமல் கிட்னி கெட்டுப்போயிருந்ததாம். "நீங்க சொன்ன ஒரு வார்த்தையால மட்டும் இல்லம்மா. தண்ணி குடிக்காதது சீக்கிரப்படுத்திச்சு, அவ்ளோதான்" என்றார்கள். பஸ் ஏறி உட்கார்ந்தபோது மனசு லேசாக இருந்தது. வில்லியனூரில் இறங்குவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. அவ்ளோதான் என்கிற அந்த வார்த்தைக்குள்ளே ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது, இல்லையா?

மார்ச்சில் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நீ நினைத்திருப்பாய். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். ஒன்றை எழுதவில்லை. கலியம்மாளிடம் சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவை அப்பா என்று கூப்பிட்டவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். அதனால் உன்னிடம் சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஆனால் இதை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜனவரி பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, அப்பா போவதற்கு முந்தின நாள் மத்தியானம். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். வாயால் கொடுத்துப் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரை டம்ளரில் எடுத்து, ஸ்பூனில் மொண்டு உதட்டருகே கொண்டுபோனேன். உதடெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பத்து நாளாகப் பயணி மாதிரி பார்த்தவர், அன்றைக்கு என்னைத்தான் பார்த்தார்.

"குடிக்கலாமா ரோஸி?" என்று கேட்டார்.

ஸ்பூனை உதட்டருகேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நனஞ்சிடுமே" என்றார். "நீ வேலைக்கிப் போவணுமே."

"நனைஞ்சா நனையட்டும்பா. நான் எங்கியும் போவல. குடி" என்றேன்.

குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். இரண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று. மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டார். "போதும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

இதற்கு நீ ஆறுதல் எதுவும் எழுதவேண்டாம், அக்கா. புண்ணியம் என்றோ பூசை வைக்கிறேன் என்றோ எழுதாதே. மதரிடம் கேட்டுக்கொண்டு வா. நான் கதவைத் திறப்பேன், அதற்குமேல் என்ன செய்வேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வர முடியாவிட்டால் எழுது.

என் கடிதம் எந்தக் காலத்தில் வந்தாலும், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும், வந்த அன்றே பிரித்துப் படி.

தங்கை,
ரோஸி